உள்ளங்காலில் கோடு போட எந்தச் சுத்தியல்?

நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தட்டிப் பார்ப்பதற்காக, பதினெட்டு வருடம் என் ஸ்கூட்டர் டிக்கியில் கிடந்து ஊர் சுற்றிய முக்கோண ரப்பர் சுத்தியல், போன சித்திரையில் உயிரை விட்டது. வெயிலில் வெந்து வெந்து ரப்பர் பாளம் பாளமாக வெடித்திருந்தது. சுவாமிமலைப் பக்கம் ஒரு பாட்டியின் முழங்காலுக்குக் கீழே தட்டினேன். பாதி ரப்பர் கழன்று கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. "ஒன் சுத்தியலுக்கே வைத்தியம் பாக்கணும் போலருக்கே பாப்பா" என்றார் பாட்டி. பேரன் தவழ்ந்து போய் எடுத்துக் கொடுத்தான்.

நான் பிசியோதெரபிஸ்ட். கும்பகோணத்தைச் சுற்றி வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவள். பக்கவாதம் வந்து படுத்தவர்கள், முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், முதுகு பிடித்தவர்கள், "கால் மரத்துப்போச்சு" என்கிற சர்க்கரைக்காரர்கள். பையில் இருப்பது கொஞ்சம்தான்: மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கிற கோனியோமீட்டர், அதிர்வு தெரிகிறதா என்று வைத்துப் பார்க்கிற 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிற பத்து கிராம் நைலான் இழை, அப்புறம் இந்தச் சுத்தியல். பழசு போனதும் நான்கே மாதத்தில் மூன்று சுத்தியல் வாங்கிவிட்டேன். "தச்சுப் பட்டறை வைக்கப் போறியா" என்று வீட்டில் கேட்டாயிற்று.

மூன்றையும் பாதத்தை வைத்துத்தான் எடை போடப் போகிறேன். முழங்காலில் எதை வைத்துத் தட்டினாலும் கால் உதறும். உள்ளங்கை ஓரத்தாலேயே தட்டிக் காட்டிவிடலாம். குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி இறங்குகிற தசைநாணும் உள்ளங்காலும்தான் ஒரு சுத்தியலின் லட்சணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

முதலில் வாங்கியது பழசின் மறுபிறவி. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் சர்ஜிக்கல் கடையில் 'நீ ஹேமர்' என்று கேட்டால் மேசைக்கு அடியிலிருந்து எடுத்து வைப்பது இதைத்தான். 180 ரூபாய். டெய்லர் சுத்தியல் என்பது இதன் சரியான பெயர். பெயரைப் பார்த்துத் தையல்காரரை நினைக்க வேண்டாம். 1888ல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் மேடிசன் டெய்லர் என்கிற டாக்டர் செய்தது. முழங்கால் உதறுவதை ஜெர்மனியில் எர்ப், வெஸ்ட்ஃபால் என்று இரண்டு பேர் தனித்தனியாக 1875ல் எழுதிப் பதிமூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அதுவரை நெஞ்சைத் தட்டிப் பார்க்க வைத்திருந்த சுத்தியலையோ வெறும் விரலையோ வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள்.

இதன் குறை எடை. வீட்டுச் சமையல் தராசில் வைத்தேன்: 72 கிராம். நீளம் ஒரு சாண்கூட வராது. லேசான சுத்தியல் தானாக விழாது, நாம்தான் குத்த வேண்டும். முழங்காலில் அது தெரியாது. ஆங்கிள் ஜெர்க், அதாவது குதிகாலுக்கு மேலே இருக்கிற அந்தத் தசைநாணைத் தட்டிப் பார்க்கும்போது தெரியும். படுத்திருக்கிறவரின் காலைப் பாதிச் சம்மணம் மாதிரி மடக்கி வெளிப்பக்கம் சாய்த்து, ஒரு கையால் பாதத்தைப் பிடித்து லேசாக மேலே தள்ளி, மறு கையால் அந்தக் கயிற்றில் தட்ட வேண்டும். பாதம் கீழே ஒரு எத்து எத்தும். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் பிடித்திருக்கிற கைக்கு அது தெரிந்துவிடும். எஸ்-1 என்று நாங்கள் சொல்கிற நரம்பு வேர் ஒழுங்காக இருக்கிறதா என்பதற்கு அந்த ஒரு எத்துதான் சாட்சி. இடுப்புத் தட்டு (டிஸ்க்) பிதுங்கி அந்த வேரை அழுத்தினால் அந்தப் பக்கத்து எத்து மட்டும் செத்துப்போகும். தைராய்டு குறைந்தவர்களுக்கு எத்தும், ஆனால் பாதம் திரும்பி வருவதற்குள் நாம் பெருமூச்சு விட்டுவிடலாம், அவ்வளவு மெதுவாக வரும்.

எழுபது தாண்டியவர்களுக்கும் நெடுநாள் சர்க்கரைக்காரர்களுக்கும் இந்த எத்து ஏற்கனவே மங்கியிருக்கும். அதில் டெய்லரை வைத்துத் தட்டினால் பாதிப் பேருக்கு 'இல்லை' என்று எழுதிவிட்டு வருவோம். நான் எழுதியிருக்கிறேன். ஒரு முறை நான் 'இல்லை' என்று எழுதி அனுப்பிய தாளில், நரம்பு டாக்டர் அதே வரியை அடித்துவிட்டு 'இருக்கிறது' என்று பச்சை மையில் எழுதித் திருப்பி அனுப்பினார். திட்டவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. பச்சை மைதான். அதற்கப்புறம், வராத எத்தை வரவழைக்கிற வித்தையை விடுவதில்லை: "ரெண்டு கை விரலையும் கொக்கி மாதிரி கோத்துக்கிட்டு, நான் சொல்லும்போது இழுங்க." இழுக்கிற அந்த நொடியில் தட்டினால், காணாமல் போன எத்து பல பேருக்கு வந்துவிடும். புடாபெஸ்டில் யெண்ட்ராசிக் என்கிற டாக்டர் 1885ல் கண்டுபிடித்தது. பட்டிக்காட்டில் எண்பது வயசுத் தாத்தா விரலைக் கோத்துப் பல்லைக் கடித்து இழுக்கும்போது வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் நல்லதுதான், கவனம் காலை விட்டுப் போய்விடும்.

இரண்டாவது, பக் சுத்தியல். 420 ரூபாய் தண்டம். இரண்டு பக்கமும் ரப்பர், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. தலையைத் திருகினால் உள்ளே ஒரு ஊசி, கைப்பிடி அடியைத் திருகினால் ஒரு குட்டி பிரஷ். குத்தினால் தெரிகிறதா, வருடினால் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு. பார்க்க ஆசையாக இருக்கும், திருவிழாவில் விற்கிற நாலு வேலை செய்யும் கத்தி மாதிரி. ஒருவரைக் குத்திய ஊசியை அடுத்தவர் மேல் வைக்கலாமா? கூடவே கூடாது. அப்புறம் எதற்கு அந்த ஊசி? எடுத்துப் போட்டுவிட்டு, சுத்தியலை பிசியோதெரபி (பி.பி.டி.) படிக்கிற அண்ணன் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் பிரஷ்ஷால் கீபோர்டு துடைக்கிறாள்.

மூன்றாவதைத்தான் சொல்ல வந்தேன். குயின் ஸ்கொயர். நீளமான குச்சி, நுனியில் தட்டு மாதிரி வட்டத் தலை, அதைச் சுற்றி ரப்பர் வளையம். லண்டனில் குயின் ஸ்கொயரில் இருக்கிற நரம்பு ஆஸ்பத்திரியின் பெயர். இதைச் செய்தவர் டாக்டர் இல்லை, அங்கே வேலை பார்த்த விண்டில் என்கிற நர்ஸ். 1920களில் மூங்கில் குச்சி, பித்தளைச் சக்கரம், கர்ப்பப்பை இறங்கினால் உள்ளே வைக்கிற ரப்பர் வளையம், இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டி அங்கிருந்த டாக்டர்களுக்கும் மாணவர்களுக்கும் விற்றாராம். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துவிட்டது.

வாங்கின கதை கொஞ்சம் வயிற்றெரிச்சல். கடையில் இருப்பு இல்லை என்றதால் ஆன்லைனில் போட்டேன், 690 ரூபாய். வந்ததில் வளையம் தலையோடு ஒட்டாமல் வளையல் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு தட்டுக்கு இரண்டு சத்தம்: 'டப்', அப்புறம் ஒரு 'டிக்'. படம் எடுத்து அனுப்பினேன். "மேடம், ப்ராடக்ட் அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. அப்படி இருக்காது என்று வீடியோ எடுத்து அனுப்பினேன். பத்தொன்பது நாள் கழித்து வேறு வந்தது. இது நன்றாக இருக்கிறது. விற்றவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, யாரிடம் வாங்கினாலும் பெட்டியைப் பிரித்ததும் வளையத்தை விரலால் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால் அன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.

நல்லதாக வந்துவிட்டால், இதுதான் சுத்தியல். 37 சென்டிமீட்டர், 118 கிராம், எடை முழுக்கத் தலையில். குச்சியின் கடைசியில் இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தூக்கி விட்டால் போதும். கோயில் மணி நாக்கு ஆடிப் போய் இடிக்கிற மாதிரி தானாகப் போய் விழும். நம் கை அதில் சேரவே கூடாது. முதல் நாள் எனக்கு வரவில்லை. பதினெட்டு வருடம் குத்திய மணிக்கட்டு, விடு என்றால் விடுமா? தலையணையில் ஒரு வாரம் பழகினேன். அப்புறம் ஒவ்வொரு தட்டும் ஒரே பலத்தில் விழ ஆரம்பித்தது. வலது காலையும் இடது காலையும் ஒப்பிட வேண்டும் என்றால் அந்த ஒரே பலம்தானே முக்கியம்?

இன்னொரு வசதி. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் காலை மடக்கிச் சாய்க்க முடியாது; வலிக்கும், விறைத்திருக்கும். அப்போது காலை நீட்டியபடியே விட்டு, உள்ளங்காலின் முன்பகுதியில் என் கையை வைத்து, என் விரல்கள் மேலேயே தட்டுவேன். அதே எத்து வரும். இடுப்பு எலும்பு உடைந்தவர்களுக்கு இது பெரிய உபகாரம். டெய்லரை வைத்து இதைச் செய்தால் என் விரல்தான் வீங்கும்.

சரி, இப்போது உள்ளங்கால்.

குயின் ஸ்கொயரின் கைப்பிடி முனையைக் கூராகச் சீவி வைத்திருக்கிறார்கள். உள்ளங்காலில் கோடு போடுவதற்கென்றே. இந்தக் கோட்டை உலகத்துக்குச் சொன்னவர் பாரிஸில் இருந்த ஜோசஃப் பாபின்ஸ்கி. 1896 பிப்ரவரியில் ஒரு கூட்டத்தில் சொன்னார். அச்சில் மொத்தம் 28 வரி. அவரும் ஆரம்பத்தில் உள்ளங்காலை ஊசியால் குத்தித்தான் பார்த்தார். விஷயம் இவ்வளவுதான்: குதிகாலின் வெளி ஓரத்தில் ஆரம்பித்து, சுண்டுவிரல் பக்கமாகவே மேலே போய், விரல்களுக்குக் கீழே இருக்கிற மேட்டில் உள்பக்கம் வளைந்து, கட்டைவிரல் அடிக்கு முன்னாலேயே நிறுத்த வேண்டும். தமிழ் எழுத்து 'ட'வைக் கவிழ்த்துப் போட்டதுபோல. நிதானமாக, ஐந்தாறு வினாடி. கட்டைவிரல் கீழே மடங்கினால் சரி. மேலே நிமிர்ந்தால், மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்குகிற பாதையில் எங்கோ கோளாறு. நாங்கள் 'பிளாண்டர் மேலே' என்போம், பிளாண்டர் என்றால் உள்ளங்கால். ஒரு வயசுக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு மேலே போனால் பயப்பட வேண்டாம், அந்தப் பாதை இன்னும் முதிரவில்லை. என் தங்கை ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, நான்கு மாதக் குழந்தையின் காலைச் சுரண்டிவிட்டு, ராத்திரி பதினொரு மணிக்கு அழுதுகொண்டே போன் செய்தாள்.

கூர் முனையால் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வாங்கின புதிதில் ஒரு சர்க்கரைக்கார அம்மாவின் காலில் கோடு போட்டேன். விரல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அப்போதும் அசையவில்லை. மூன்றாவது முறை அழுத்தியபோதுதான் பார்த்தேன், குதிகால் ஓரத்தில் சிவப்பாக ஒரு கீறல், இரண்டு சொட்டு ரத்தம். அந்த அம்மா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியவே இல்லை. எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. உணர்ச்சி செத்த காலில் ஒரு கீறல் எங்கே போய் முடியும் என்று இந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். கழுவி மருந்து போட்டு, அவரிடமும் மகனிடமும் உள்ளதைச் சொன்னேன். பத்து நாள் தினமும் போய்ப் பார்த்தேன், காசு வாங்காமல். ஆறிவிட்டது. பத்தாம் நாள் ராத்திரிதான் தூங்கினேன். மறுநாள் காலையில் உப்புத்தாள் எடுத்து அந்த முனையைத் தேய்த்து மொட்டையாக்கினேன். இப்போது பேனா மூடி மாதிரி இருக்கிறது.

இந்த விஷயத்தில் 180 ரூபாய் டெய்லர் ஜெயித்துவிட்டது. அதன் கைப்பிடி முனை கூரும் இல்லை, மழுங்கலும் இல்லை, உள்ளங்காலுக்கு அளவெடுத்தது மாதிரி. எங்கள் பேராசிரியர்கள் பீரோ சாவியால் போடுவார்கள். சாவியும் நல்லதுதான், துடைத்துவிட்டுச் செய்தால். கிராமத்துக் கால்களுக்கு அதிலும் கொஞ்சம் பொறுமை வேண்டும். அறுபது வருடம் செருப்பில்லாமல் வயலில் நடந்த பாதம், பித்தவெடிப்பும் ஆணியுமாகத் தோல் செருப்பைவிடத் தடித்திருக்கும். அங்கே குதிகாலில் ஆரம்பித்துப் பிரயோஜனம் இல்லை. தோல் மெலிந்த வெளி ஓரத்தைத் தேடிப் போக வேண்டும். மெட்டி போட்டிருப்பவர்களிடம் கழற்றச் சொல்ல மாட்டேன், அது இரண்டாவது விரலில்தான் இருக்கிறது, நான் பார்ப்பது கட்டைவிரலை. அதுவும் அதன் முதல் அசைவை மட்டும். அதற்கப்புறம் கூச்சத்தில் காலையே இழுத்துக்கொள்வார்கள், அது கணக்கில் வராது. ரொம்பக் கூச்சக்காரர் என்றால் உள்ளங்காலை விட்டுவிட்டு, வெளிக் கணுக்கால் முட்டிக்குக் கீழே பின்னாலிருந்து முன்னால் கோடு போடுவேன். சாடாக் என்பவரின் முறை. கோளாறு இருந்தால் கட்டைவிரல் அதிலும் நிமிரும்.

கூச்சத்தைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு, அது எந்தப் பாடத்திலும் இல்லை. மாசி மாதம் தாராசுரத்தில் ஒரு பெரியவர். பட்டுத் தறி நெய்தவர், 71 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. முழங்கால் வலி, நடக்கும்போது "கால் பின்னுது" என்று கூப்பிட்டிருந்தார்கள். பழைய சுத்தியல், ரப்பர் ஏற்கனவே கல்லாகியிருந்தது. ஆங்கிள் ஜெர்க் சுமாராக இருந்தது. 'சரி' என்று எழுதினேன். உள்ளங்காலுக்குப் போனபோது காலை இழுத்துக்கொண்டார். "வேண்டாம்மா. பொம்பளப் புள்ள, மகாலட்சுமி மாதிரி இருக்க, என் காலப் புடிக்கக் கூடாது." கையெடுத்துக் கும்பிட்டார். நானும் சரி தாத்தா என்று விட்டுவிட்டேன். முழங்காலுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆவணியில் மறுபடி கூப்பிட்டார்கள். இப்போது சட்டைப் பொத்தான் போட விரல் வரவில்லை என்றார். அதைக் கேட்டதுமே எனக்குச் சுருக்கென்றது. குயின் ஸ்கொயரை எடுத்துக் குதிகாலில் விட்டேன். பாதம் துள்ளியது. பதினைந்து வருடச் சர்க்கரைக்காரருக்கு இந்த எத்து மங்கியிருக்க வேண்டும், துள்ளக் கூடாது. பாதத்தை வெடுக்கென்று மேலே தள்ளிப் பிடித்தேன். தையல் மிஷின் மாதிரி தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மூளையிலிருந்து இறங்குகிற அந்தப் பாதையில் கோளாறு என்பதற்கு அதுவும் ஒரு அடையாளம். "தாத்தா, இன்னிக்கு நான் காலப் புடிக்கத்தான் போறேன், என் பாவத்துல எழுதிக்குங்க" என்றேன். சிரித்துவிட்டுக் காலை நீட்டினார். டெய்லர் கைப்பிடியால் கோடு போட்டேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, கட்டைவிரல் மெதுவாக, யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி நிமிர்ந்தது. மற்ற விரல்கள் விசிறியாக விரிந்தன. இரண்டு காலிலும்.

அன்றைக்கே நரம்பு டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். எம்.ஆர்.ஐ.யில் கழுத்துத் தண்டுவடம் இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது. முழங்காலில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆபரேஷன் ஆகி, இப்போது கைத்தடியோடு தெருமுனை டீக்கடை வரை போகிறார். பொத்தான் இன்னும் மருமகள்தான் போட்டுவிடுகிறாள். மாசியிலேயே பிடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் டாக்டரைக் கேட்டேன். "சீக்கிரம் பார்க்கிறது எப்பவும் நல்லது" என்று மட்டும் சொன்னார். பழைய ரப்பர்மேல் பாதிப் பழியைப் போடலாம். மீதி என்னுடையது.

இப்போது பையில் இரண்டு இருக்கின்றன: தட்டுவதற்கு மொட்டை முனைக் குயின் ஸ்கொயர், கோடு போட டெய்லர். இரண்டும் சேர்த்து 870 ரூபாய். ஒன்றுதான் வாங்க முடியும் என்கிற மாணவர்கள் குயின் ஸ்கொயரே வாங்குங்கள், உப்புத்தாளுக்கு இன்னும் பத்து ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு நீளம் ஒரு தொல்லை, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கண்டக்டர் ஒருவர் அது என்ன என்று கேட்டு, தன் முழங்காலை நீட்டிவிட்டார். ஒவ்வொருவருக்கும் நடுவில் இரண்டையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கிறேன், அதனால் ரப்பர் நிறம் மங்குகிறது, பரவாயில்லை. டிக்கியில் வைப்பதில்லை.